முழங்கால் ஆழத்தில்தான் எனக்குப் பயம்

ஸ்கூபா டைவிங் போகிறேன் என்றால் வீட்டில் எல்லோரும் கேட்பது ஆழத்தைப் பற்றித்தான். எத்தனை அடி இறங்குவாய், சுறா வராதா, காற்று தீர்ந்துபோனால் என்ன செய்வாய் என்பார்கள். பதினோரு வருடமாக கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில், லா ஹோயா ஷோர்ஸ் கரையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நேர்ந்த ஒரே மோசமான விபத்து முழங்கால் அளவு தண்ணீரில் நடந்தது.

அது முதல் வருடம். டைவ் நன்றாக முடிந்து கரைக்கு நீந்தி வந்துவிட்டோம். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், வந்து சேர்ந்தாயிற்று என்ற நிம்மதியில் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை எடுத்தேன், மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றினேன், ஒற்றைக் காலில் நின்று மறுகாலின் ஃபின்னை, அதாவது நீந்தும் துடுப்பை, கழற்றக் குனிந்தேன். கடல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வந்த அலை இடுப்பு உயரம்கூட இல்லை. ஆனால் முதுகில் சிலிண்டர், இடுப்பில் மூழ்குவதற்கான ஈயம், உடம்பில் குளிர் தாங்க நனைந்த ஏழு மில்லிமீட்டர் வெட்சூட், எல்லாம் சேர்ந்து முப்பது கிலோவுக்குக் குறையாது. குப்புற விழுந்தவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. இரண்டாவது அலை மணலோடு சேர்த்து உருட்டியது. கூட வந்த நண்பர் சிலிண்டரின் வால்வைப் பிடித்துத் தூக்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. மாஸ்க் போனது. இடது முழங்கால் ஆறு வாரம் வீங்கியிருந்தது.

நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் புதுச்சேரியிலோ அந்தமானிலோ படகிலிருந்து குதித்து டைவிங் பழகியவர்கள். நீருக்கடியில் நன்றாகவே நீந்துவார்கள். அலை உடைகிற கரை வழியாக இறங்கி, அதே அலை வழியாக ஏறி வருவது வேறு வித்தை. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். இங்கே வந்து என்னோடு இறங்குகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முந்தின இரவு

அலை முன்னறிவிப்பில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: உயரம், இடைவெளி, திசை. புதியவர்கள் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். இடைவெளி என்பது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்பது. ஆழ்கடலில் 8 விநாடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர், 16 விநாடி அலைக்குச் சுமார் 400 மீட்டர். இரண்டுக்கும் உயரம் ஒன்றாகவே இருந்தாலும், நீளமான அலை கரைக்கு வரும்போது அதிகமாக எழும்பும், கனமாக இறங்கும். அதனால் ‘1 மீட்டர், 8 விநாடி’ என்று போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன். ‘1 மீட்டர், 17 விநாடி’ என்றால் காலையில் போய்ப் பார்த்த பிறகுதான் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்குவேன்.

இன்னொன்று. அந்த 1 மீட்டர் என்பது, வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. எல்லா அலையும் அதற்குள் அடங்கிவிடாது. இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு தடவையாவது அதன் இரண்டு மடங்கை நெருங்கும் அலை ஒன்று வரும் என்றே எதிர்பார்க்க வேண்டும். நீங்கள் இறங்கி, சுற்றி, திரும்பி வருவதற்குள் அது வந்துவிடலாம்.

திசையும் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் கரைக்குக் குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து பெரிய அலைகள் நேராக வரும். கோடையில் தெற்கிலிருந்து வருபவற்றை லா ஹோயா முனை ஓரளவு தடுத்துவிடும். ஓதத்தையும், அதாவது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தையும், பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் 2 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு. நீங்கள் இறங்கும்போது தொலைவில் சோம்பலாக உடைந்த அலை, ஏறும்போது காலடியில் வந்து அறையலாம்.

கரையில் இருபது நிமிடம்

வண்டியை நிறுத்தியதும் வெட்சூட்டுக்குள் நுழைகிற அவசரம் எல்லோருக்கும் வரும். வேண்டாம். ஒரு காபியோடு இருபது நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் ஒரே சீராக வருவதில்லை, கூட்டம் கூட்டமாக வரும். சின்னச் சின்னதாகப் பல, பிறகு பெரிதாக நாலைந்து, பிறகு ஓர் ஓய்வு. எங்கோ தொலைவில் ஒரு புயலில் பிறந்த, சற்றே வெவ்வேறு நீளமுள்ள அலைகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் பெரிதாகும், ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் தணியும். அதனால்தான் இந்தக் கூட்டமும் ஓய்வும். கடைசிப் பெரிய அலை உடைந்ததிலிருந்து அடுத்த பெரியது எழும்பும்வரை எத்தனை நிமிடம் என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். ஒரு தடவை போதாது, மூன்று தடவை பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கப்போகும் நேரம் அவ்வளவுதான்.

சின்ன வயதில் பட்டினப்பாக்கம் கரையில் கட்டுமரம் இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மரத்தைத் தண்ணீர் விளிம்புக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் நிற்பார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று அப்போது புரியாது. பெரிய அலைகள் வந்து அடங்கியதும் ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குப் பயிற்சியாளர் சொன்ன முதல் பாடமும் அதுவாகவே இருந்தது.

லா ஹோயா ஷோர்ஸில் இதைப் பார்த்துக் கற்பது எளிது. கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. அலை ஆழத்தின் மேல் வேகமாகவும், மேட்டின் மேல் மெதுவாகவும் நகரும். அதனால் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் அலை இரு பக்கமும் விலகி வளைந்து போக, அங்கே உயரம் குறைகிறது. விலகிய ஆற்றல் பக்கத்தில் போய்ச் சேருகிறது. கரையின் தென்கோடியில் குழந்தைகள் விளையாடும்போது, வடக்கே பிளாக்ஸ் கடற்கரையில் அலைச்சறுக்குக்காரர்கள் ஆளுயர அலையில் இருப்பார்கள். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் வால்டர் மங்க். பக்கத்திலிருக்கும் ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தில் வாழ்நாளெல்லாம் வேலை செய்து, 2019இல் 101 வயதில் மறைந்தார். தென்துருவப் பக்கத்துப் புயல்களில் பிறந்த அலைகள் பசிபிக் முழுவதையும் கடந்து அலாஸ்கா வரை போவதை 1963இல் தொடர்ந்து அளந்து காட்டியவர் அவர். இந்தக் கரையின் நடைபாதைக்கு இன்று அவர் பெயர். என் காலில் வந்து மோதும் அலை பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கிளம்பியதாக இருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அதன்மேல் ஒரு மரியாதை வருகிறது.

சரி, இடத்தைத் தேர்ந்தெடுப்போம். அலை எங்குமே உடையாமல், தண்ணீர் கறுத்தோ மணல் கலங்கியோ, நுரை கடல் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு சந்து தெரிந்தால், அங்கே வெளியோட்டம் இருக்கிறது. பழகியவர்கள் உள்ளே போக அதை வாகனமாக்கிக்கொள்வார்கள். புதியவர்கள் விலகிப் போவது நல்லது. திரும்பும்போது தெரியாமல் அதில் மாட்டி, எவ்வளவு உதைத்தும் கரை நெருங்கவில்லை என்றால், எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக முப்பது நாற்பது மீட்டர் நகர்ந்துவிட்டுப் பிறகு திரும்புங்கள்.

கடைசியாக, ஏறும் இடத்தைப் பாருங்கள். இறங்க முடியுமா என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, களைத்து, குளிரில் விரல் மரத்து, இதைவிடக் கொஞ்சம் பெரிய அலையில் இங்கே ஏற முடியுமா என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். பதில் தயங்கினால் அன்றைக்கு டைவ் கிடையாது. என் அளவு, இந்தக் கரையில், உடையும் அலை என் இடுப்பைத் தாண்டக் கூடாது. உங்கள் அளவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை வீட்டில் இருக்கும்போதே வைத்துவிடுங்கள். கரையில் நிற்கும்போது ஆசை பேசும்.

இறங்குவது

அலைக்குள் போவதற்கு முன் உடம்பில் தொங்குவது எதுவும் இருக்கக் கூடாது. பிரஷர் மீட்டர், உதிரி ரெகுலேட்டரான ஆக்டோபஸ், டார்ச், எல்லாவற்றையும் உடம்போடு ஒட்டி மாட்டிவிடுங்கள். கேமராவை முதல் பத்து தடவைக்கு வீட்டிலேயே வையுங்கள். ஃபின்னுக்குக் கொக்கி வைத்த பட்டையைவிடச் சுருள்கம்பிப் பட்டை நல்லது. அலைக்கு நடுவில் ஒரே இழுப்பில் போட வரும், கழற்ற வரும். ஈயத்தை எப்படி விடுவிப்பது என்பதை நீங்களும் கூட்டாளியும் ஒருவருக்கொருவர் தொட்டுக் காட்டிக்கொள்ளுங்கள்.

மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில். கால் நனைவதற்கு முன்பே இரண்டும் அங்கே இருக்க வேண்டும். வெளிக்காற்றை இழுக்கும் குழாயான ஸ்னார்க்கல் போதும் என்பவர்கள் உண்டு. கவிழ்ந்தவனுக்கு ஸ்னார்க்கலில் தண்ணீர்தான் வரும். காற்றூதி மிதக்க உதவும் சட்டையான பிசிடியில் காற்று கொஞ்சம் போதும், விழுந்தால் மிதக்கிற அளவு. முழுக்க ஊதிக்கொண்டால் நீங்கள் ஒரு பாய்மரம், அலை உங்களைத் தூக்கிக்கொண்டு கரையில் போடும். ஒன்றுமே இல்லாவிட்டால் விழுந்த இடத்தில் கிடப்பீர்கள்.

ஃபின்னை எப்போது போடுவது என்பதில் ஆளுக்கொரு கட்சி. சரிவு குறைந்து, அலை சின்னதாக இருக்கும் எங்கள் கரையில், ஃபின்னைக் கையில் வைத்துக்கொண்டு, அலை உடையும் இடத்தைத் தாண்டி மார்பளவு தண்ணீருக்கு நடந்து, கூட்டாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். கரை செங்குத்தாக இருந்து அலை காலடியிலேயே உடையும் இடங்களில் அது நடக்காது. உலர்ந்த மணலிலேயே போட்டுக்கொண்டு, பக்கவாட்டிலோ பின்னோக்கியோ தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். பின்னோக்கி நடந்தாலும் தலை தோளுக்கு மேல் திரும்பிக் கடலைப் பார்த்தபடியே இருக்கட்டும்.

மணலில் காலைத் தூக்கி வைக்காதீர்கள், இழுத்து நடங்கள். எங்கள் கரையில் திருக்கைகள் மணலுக்குள் புதைந்து கிடக்கும். மிதித்தால் முள் குத்தும், கால் உரசி வந்தால் அதுவே விலகிப் போகும்.

இப்போது அலை வருகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கு மேல் எடை. அதை நெஞ்சால் தடுக்க முடியாது. நடையை நிறுத்துங்கள். பக்கவாட்டில் திரும்பி, உடம்பின் குறுகலான பக்கத்தை அதற்குக் காட்டுங்கள். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, அலை வரும் பக்கம் சாய்ந்து நில்லுங்கள். ஒரு கை மாஸ்க்கின் மேலும் ரெகுலேட்டரின் மேலும் விரிந்து இருக்கட்டும். அலை கடந்ததும் நாலு எட்டு வேகமாக வையுங்கள். அடுத்தது வந்தால் மறுபடி நில்லுங்கள். கூட்டாளி உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கக் கூடாது, அலைக்கு இணையாக, பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் நிற்பவரைத் தூக்கி உங்கள்மேல் போடுவது அலைக்குப் பெரிய காரியமில்லை.

அலை தன் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். ஒரு மீட்டர் அலை என்றால் ஏறக்குறைய மார்பளவுத் தண்ணீரில். அந்த இடத்தில்தான் நிற்கக் கூடாது. மாஸ்க் சரிசெய்வது, பட்டை இறுக்குவது, கூட்டாளியோடு பேசுவது, எதுவும் அங்கே வேண்டாம். ஃபின் காலில் இருந்தால், இடுப்பளவு வந்ததுமே படுத்து நீந்தத் தொடங்குங்கள். உடையப்போகும் அலை நேரே வந்தால், பிசிடிக் காற்றை விட்டுவிட்டு அதன் அடியில் புகுந்து போங்கள். மேலே கூச்சல், கீழே ஒரு தள்ளல், அவ்வளவுதான்.

மூச்சை மட்டும் அடக்காதீர்கள். இது மிக முக்கியம். அலை தலைமேல் வரும்போது வாயை மூடி மூச்சைப் பிடிப்பது குழந்தையிலிருந்து பழகியது. ஆனால் சிலிண்டர் காற்றை நுரையீரல் நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது, மேலே இருந்த தண்ணீர் சட்டென்று ஒரு மீட்டருக்கு மேல் இறங்கினால், அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கக்கூடும். ரெகுலேட்டர் வாயில் இருக்கிறது. சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள்.

விழுந்துவிட்டால், எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். நிற்க முயன்றால் அடுத்த அலை மறுபடி தள்ளும், ஒவ்வொரு தடவையும் பலம் குறையும். தண்ணீர் போதுமானால் ஆழத்தை நோக்கி நீந்துங்கள். போதாதென்றால் கைகால் ஊன்றிக் கரைக்குத் தவழுங்கள். நடுவில் இருக்காதீர்கள்.

அலையைத் தாண்டியதும் உடனே முங்க வேண்டாம். பிசிடியை ஊதி, மல்லாந்து, மூச்சு முழுதாக அடங்கும்வரை மிதங்கள். நாற்பது தாண்டியவர்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்வேன். குளிர்ந்த தண்ணீரில், இறுக்கமான உடையில், முப்பது கிலோவோடு அலையில் போராடியது இதயத்துக்குப் பெரிய வேலை. ஐந்து நிமிடமாகியும் மூச்சு அடங்கவில்லையா, அன்றைக்குத் திரும்பிவிடுங்கள்.

ஏறுவது

சிலிண்டரில் குறைந்தது 50 பார் (அழுத்தத்தின் அளவு) காற்று அலையைக் கடப்பதற்கென்றே மீதம் இருக்க வேண்டும். நான் 70 வைப்பேன்.

பெரிய அலை உள்ள நாளில் மேற்பரப்பில் நீந்தி வருவதைவிட, அடியிலேயே வருவது சுலபம். மணலில் அலை வரித்த கோடுகள் கரைக்கு இணையாக ஓடும், ஆழம் குறையும் பக்கமாக அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தால் கரைப்பக்கம் போகிறீர்கள். கரை நெருங்க நெருங்க, தண்ணீர் உங்களை முன்னும் பின்னும் ஊஞ்சலாட்டத் தொடங்கும். மூன்று நாலு மீட்டர் ஆழத்தில், அலை உடையும் இடத்துக்கு வெளியிலேயே, மேலே பார்த்துக் கையை உயர்த்தியபடி எழுங்கள். அலைச்சறுக்குக்காரர்கள் மேலே போய்க்கொண்டிருக்கலாம். அங்கே நின்று மறுபடி கணக்கெடுங்கள். கடலிலிருந்து பார்த்தால் அலையின் முதுகு மட்டுமே தெரியும், அது எப்போதும் சின்னதாகவே தெரியும். ஏமாறாதீர்கள். கரையில் இருப்பவர்களின் உருவம் எவ்வளவு மறைகிறது என்பதை வைத்து உயரத்தை எடைபோடுங்கள்.

கூட்டத்தின் கடைசிப் பெரிய அலை உங்களைக் கடந்ததும், அதன் பின்னாலேயே, இருக்கிற பலத்தை எல்லாம் போட்டு உதையுங்கள். நாலு உதைக்கு ஒரு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். ஒன்று வந்துவிட்டால் மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் பிடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, அது தள்ளுகிற வேகத்தை வாங்கிக்கொண்டு போங்கள்.

கை மணலைத் தொட்டதும் தவழுங்கள். ஃபின் காலிலேயே, மாஸ்க் முகத்திலேயே, ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். பின்னால் இழுக்கும் தண்ணீரில் விரல்களை மணலுக்குள் ஊன்றிக் காத்திருங்கள், தள்ளும் தண்ணீரில் நகருங்கள். ஈரம் முடிந்து உலர்ந்த மணல் வந்த பிறகு கழற்றலாம். பார்ப்பவர்களுக்கு ஆமை மாதிரித் தெரியும். தெரியட்டும்.

வடக்கே கார்மெல் அருகில் மொனாஸ்டெரி கடற்கரை என்று ஒன்று உண்டு. பலர் உயிரைவிட்ட இடம் என்பதால் ‘பிணவறைக் கடற்கரை’ என்று அதற்குப் பட்டப்பெயரே இருக்கிறது. அங்கேயும் கடலடிப் பள்ளத்தாக்கு கரையோரம்தான். ஆனால் கரை செங்குத்து, மணல் பயறு அளவு பரல். கால் வைத்தால் உருண்டு சரியும். அலை மணல்மேட்டிலேயே நேராக விழுந்து, அதே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். அங்கே யாரும் நடந்து ஏறுவதில்லை, தவழ்ந்தே ஏறுகிறார்கள். இரண்டு தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை முப்பது நிமிடம் பார்த்துவிட்டு, ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்த கூட்டாளியோடு அப்படியே வண்டியில் ஏறினேன். வழியில் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தோம். நல்ல நாள்தான் அது.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். சிலிண்டர் இல்லாமல், வெட்சூட், மாஸ்க், ஃபின் மட்டும் போட்டுக்கொண்டு, காவலர் இருக்கும் கரையில், சின்ன அலையில் நாலு சனிக்கிழமை விளையாடுங்கள். அடியில் புகுங்கள், உருளுங்கள், தவழுங்கள். விபத்துக்குப் பிறகு எனக்கு நம்பிக்கை திரும்ப வந்தது அப்படித்தான். சிலிண்டரோடு மறுபடி இறங்க மூன்று மாதம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். அலையில் உருண்ட நாளில் இரண்டு இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று, ரெகுலேட்டரின் முன்பக்கப் பொத்தானுக்குள் போன மணல். அது அடுத்த டைவில் காற்றை ஒழுகவிடும். மற்றது பிசிடிக்குக் காற்றடைக்கும் இன்ஃப்ளேட்டர் பொத்தான். மணல் சிக்கி அது அழுந்திய நிலையில் நின்றுவிட்டால் பிசிடி தானாக ஊதிக்கொண்டு உங்களை ஆழத்திலிருந்து மேலே தூக்கிவிடும். இந்த இன்ஃப்ளேட்டர் பொத்தானை வாளியில் முக்கி நாற்பது ஐம்பது தடவை அழுத்தி விடுங்கள். உள்ளே கரகரவென்ற சத்தம் இருந்தால் கடையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை அதைப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள்.